79 வயது அம்மாவுக்குத் தொடை எலும்புக் கழுத்து முறிவு: செயற்கை மூட்டு பொருத்தினால் என்ன எதிர்பார்க்கலாம்?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 79. நேற்று முன்தினம் இரவு கழிப்பறைக்குச் சென்று திரும்பும்போது நிலைப்படியில் கால் இடறி இடப்பக்கமாக விழுந்துவிட்டார். அதன்பின் எழுந்து நிற்க இயலவில்லை. இடது கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடந்தது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து துண்டுகள் விலகியிருப்பதாகச் சொன்னார்கள். பந்துப் பகுதியை அகற்றிவிட்டுச் செயற்கைப் பந்து பொருத்தும் பாதி மூட்டு மாற்று அறுவையை, பந்தின் தண்டை எலும்புக்குள் பிடிக்கவைக்கும் சிமென்ட் வைத்துச் செய்ய வேண்டும் என்பது எலும்பு மருத்துவரின் கருத்து. உறவினர் ஒருவர் மூலம் சென்னையில் வேறொரு மருத்துவரிடம் படத்தைக் காட்டியபோது, அம்மா விழுவதற்கு முன்பு கோயிலுக்கும் கடைக்கும் தனியாக நடந்து சென்று வந்தவர் என்பதால், பந்தோடு அது பொருந்தும் இடுப்புக் கிண்ணத்தையும் மாற்றும் முழு மூட்டு மாற்றமே நல்லது என்றார்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் லேசான பக்கவாதம் வந்து குணமானதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் குளோபிடோக்ரெல் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அந்த மாத்திரையை நிறுத்தி ஐந்து நாள் கழித்தே அறுவை செய்ய முடியும் என்றும், அதற்குள் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து இதய மருத்துவரின் ஒப்புதல் பெற வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அதுவரை காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அம்மா வலியில் இரவெல்லாம் தூங்குவதில்லை. நேற்று மாலை முதல் சில நேரங்களில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்பது எங்களுக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

இதற்கிடையே என் தாய்மாமா, இந்த வயதில் கத்தி வைத்தால் எழுந்திருக்க மாட்டார், எண்ணெய்க் கட்டுப் போட்டு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று உறுதியாக நிற்கிறார். குடும்பத்தில் மூத்தவர் அவர். அவருடைய அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அறுவை செய்தால் இந்த வயதினர் எவ்வளவு பேர் பிழைக்கிறார்கள், எவ்வளவு பேர் பழையபடி நடக்கிறார்கள், பாதி மாற்றமா முழு மாற்றமா, ஐந்து நாள் காத்திருப்பது சரியா என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், மாமாவிடம் எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.

மூட்டுமருத்துவர்_கோவை எழுதியது:

ஐயா, வணக்கம். நான் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர். உங்கள் தாயாரை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால் இறுதி முடிவை அங்குள்ள மருத்துவர்கள்தான் எடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் மிகப் பெரிய ஆய்வுகள் நடந்து தெளிவான விடைகள் கிடைத்திருக்கின்றன. உங்களுக்குள்ள கேள்விகளில் மிக அவசரமானது பாதியா முழுதா என்பதல்ல, எப்போது என்பதுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குளோபிடோக்ரெல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு, அந்த மருந்தின் வீரியம் வடியட்டும் என்று ஐந்து நாள் காத்திருப்பது தேவையில்லை என்பதே இன்று பல நாட்டு வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. அறுவையின்போது சற்றுக் கூடுதலாக ரத்தம் போகலாம். அதற்கு ரத்தம் ஏற்பாடு செய்து வைத்துக்கொள்ளலாம். தடையாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் முதுகில் போடும் ஊசிதான், ஏனெனில் ரத்தம் உறைவது குறைந்திருக்கும்போது முதுகுத்தண்டைச் சுற்றி ரத்தம் கட்டிவிடக்கூடும் என்ற அச்சம் மயக்க மருத்துவர்களுக்கு உண்டு. அப்படியானால் முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாம். வயதானவர்களுக்கு முழு மயக்கம் ஆபத்து, முதுகு ஊசிதான் பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் இடுப்பு முறிவு ஏற்பட்ட 1,600 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ரீகெய்ன் ஆய்வில், 60 நாட்களில் இறந்தவர்கள் அல்லது நடக்க இயலாமற் போனவர்களின் அளவு முதுகு ஊசிக் குழுவில் 18.5 விழுக்காடு, முழு மயக்கக் குழுவில் 18 விழுக்காடு. மனக்குழப்பம் ஏற்பட்ட அளவிலும் வேறுபாடு இல்லை. எனவே ஐந்து நாள் படுக்கையில் கிடத்தி முதுகு ஊசிக்குக் காத்திருப்பதைவிட, உடனே முழு மயக்கத்தில் செய்வது பல நோயாளிகளுக்கு நல்லது. இதை உங்கள் மயக்க மருத்துவரிடம் மரியாதையோடு நேரடியாகக் கேளுங்கள்.

எக்கோவும் அப்படித்தான். புதிதாக இதய முணுமுணுப்பு கேட்டாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தாலோ எக்கோ தேவை. அன்றே எடுத்துவிட வேண்டும். அத்தகைய அறிகுறி எதுவும் இல்லாதபோது வெறும் வழக்கத்துக்காக எக்கோவுக்கென்று நாட்களைக் கடத்துவதால் நோயாளிக்கு நன்மையில்லை. 17 நாடுகளில் நடந்து 2020-இல் லான்செட்டில் வெளியான ஹிப் அட்டாக் ஆய்வில் 2,970 பேர் பங்கேற்றார்கள். இந்திய மருத்துவமனைகளும் அதில் இருந்தன. முறிவு உறுதியானதிலிருந்து ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்ட குழுவையும், ஏறத்தாழ 24 மணி நேரத்தில் செய்யப்பட்ட குழுவையும் ஒப்பிட்டார்கள். 90 நாட்களில் இறந்தவர்கள் முறையே 9 விழுக்காடும் 10 விழுக்காடும். அதாவது பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் முந்திச் செய்தவர்களுக்கு மனக்குழப்பம் குறைவாக வந்தது, அவர்கள் விரைவாக எழுந்து நடந்தார்கள், விரைவாக வீடு திரும்பினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வில் தாமதமான குழு என்பதே ஒரு நாள் காத்திருந்த குழுதான். இங்கிலாந்தில் மருத்துவமனைக்கு வந்த 36 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தால்தான் அந்த மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை என்று 2010-இல் விதி வகுத்தார்கள். ஐந்து நாள் என்பது இவை எல்லாவற்றுக்கும் வெகு தொலைவில் இருக்கிறது.

காலில் எடை கட்டித் தொங்கவிடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறுவைக்கு முன் தோலில் பட்டை ஒட்டி எடை தொங்கவிடுவது வலியைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. வயதான மெல்லிய தோல் உரியவும், குதிகாலில் புண் வரவும் அது காரணமாகலாம். அதற்குப் பதிலாக, இடுப்புக்கு முன்புறம் நரம்புகள் செல்லும் தளத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டால் சில நிமிடங்களில் வலி பெருமளவு தணியும். வலி தணிந்தால் தூக்கம் வரும்; சம்பந்தமில்லாமல் பேசுவதும் குறையக்கூடும்.

இனி, ஏன் திருகாணி போடாமல் மூட்டையே மாற்றச் சொல்கிறார்கள் என்பது. இடுப்பு எலும்பு முறிவு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. மூட்டு உறைக்குள் இருக்கும் கழுத்துப் பகுதி முறிவது ஒன்று; அதற்குக் கீழே புடைப்புகளுக்கு இடையில் முறிவது மற்றொன்று. இரண்டாவது வகையில் எலும்புக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் தகடோ நீண்ட ஆணியோ போட்டால் போதும், கூடிவிடும். முதல் வகையில், பந்துக்கு ரத்தம் கொண்டு செல்லும் நுண்ணிய குழாய்கள் கழுத்தை ஒட்டியே மேலேறுவதால், துண்டுகள் விலகும்போது அவையும் அறுந்துவிடுகின்றன. ரத்தம் இல்லாத பந்து பின்னாளில் செத்துச் சரிந்துவிடும், அல்லது முறிவு கூடாமலே போகும். முதியவர்களுக்கு விலகிய கழுத்து முறிவைத் திருகாணியால் பொருத்தினால் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மறுபடியும் அறுவை தேவைப்படுகிறது. 79 வயதில் இரண்டு அறுவைகளைத் தாங்குவதைவிட ஒரே அறுவையில் முடித்துக்கொள்வது மேல் என்பதால்தான் செயற்கை மூட்டு. எண்ணெய்க் கட்டினால் இந்த முறிவு கூடாததற்கும் இதுவே காரணம். கையெலும்போ கணுக்காலோ விலகாமல் முறிந்திருந்தால் கட்டுக்குள் அது தானாகக் கூடிவிடும். அதைப் பார்த்துத்தான் நம் பெரியவர்களுக்குக் கட்டின் மேல் நம்பிக்கை வந்தது. இந்த இடத்துக்கு அந்த அனுபவம் பொருந்தாது.

பாதியா முழுதா என்ற கேள்விக்கு நேரடியான விடையாக அமைந்தது 2019-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்த ஹெல்த் ஆய்வு. 10 நாடுகளில் 80 மருத்துவமனைகளில் 1,495 பேர். அவர்களின் சராசரி வயது உங்கள் தாயாரின் வயதேதான், 79. எல்லோரும் விழுவதற்கு முன் பிறர் துணையின்றி நடந்தவர்கள். இரண்டு ஆண்டுகளில் மீண்டும் அறுவை தேவைப்பட்டவர்கள் முழு மாற்றத்தில் 7.9 விழுக்காடு, பாதி மாற்றத்தில் 8.3 விழுக்காடு, அதாவது சமம். மூட்டு நழுவுதல் முதலிய நிலையின்மை முழு மாற்றத்தில் 4.7 விழுக்காடு, பாதியில் 2.4 விழுக்காடு. வலியிலும் செயல்பாட்டிலும் முழு மாற்றம் சற்றே மேலாக இருந்தது, ஆனால் அந்த மேன்மை நோயாளி அன்றாட வாழ்வில் தெளிவாக உணரும் அளவைத் தொடவில்லை. ஆகவே சென்னை மருத்துவர் சொன்னது தவறில்லை, தஞ்சை மருத்துவர் சொன்னதும் தவறில்லை. கிண்ணத்தில் ஏற்கெனவே தேய்மானம் இருந்தாலோ, நோயாளி இன்னும் பல ஆண்டுகள் சுறுசுறுப்பாக வாழக்கூடியவராக இருந்தாலோ நான் முழு மாற்றத்தை நினைப்பேன். சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம், இப்போது தொடங்கியிருக்கும் குழப்பம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, குறைந்த நேரத்தில் முடிந்து குறைவாக நழுவும் பாதி மாற்றத்தையே உங்கள் தாயாருக்கு நான் தேர்ந்தெடுத்திருப்பேன். முழு மாற்றத்துக்காகச் சென்னைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மேலும் இரண்டு நாள் இழப்பதை நிச்சயமாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

சிமென்ட் வைப்பது சரியான முடிவு. 60 வயதைக் கடந்த 1,225 பேரிடம் இங்கிலாந்தில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், சிமென்ட் வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் நான்கு மாதத்தில் மேலாக இருந்தது. செயற்கைத் தண்டைச் சுற்றி எலும்பு மீண்டும் முறிந்தது சிமென்ட் வைத்தவர்களில் 0.5 விழுக்காடு, வைக்காதவர்களில் 2.1 விழுக்காடு. சிமென்ட்டை எலும்புக்குள் அழுத்தும் அந்தச் சில நிமிடங்களில் ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் திடீரென இறங்கும் அபாயம் உண்டு என்பது உண்மை. அதற்காகவே அந்த நேரத்தில் அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு எச்சரிக்கையாகச் செய்வார்கள். நம் நாட்டில் சிமென்ட் இல்லாமல் அடித்துப் பொருத்தும் ஆஸ்டின் மூர் என்ற பழைய வடிவம் விலை மலிவு என்பதால் இன்னும் பல இடங்களில் பயன்படுகிறது. நடமாட்டமுள்ள நோயாளிக்கு அதை ஏற்க வேண்டாம். பைபோலார் எனப்படும் இரட்டைப் பந்துக்கும் ஒற்றைப் பந்துக்கும் நடப்பதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்பதால், செலவு நெருக்கினால் ஒற்றைப் பந்தை ஏற்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

உயிர் பற்றிய கேள்வியை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன ஹெல்த் ஆய்வில் இரண்டு ஆண்டுகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 13 முதல் 14 பேர். சிமென்ட் ஆய்விலோ ஒரே ஆண்டில் நூற்றுக்கு 24 முதல் 28 பேர் இறந்தார்கள். இந்தப் பெரிய இடைவெளிக்குக் காரணம் அறுவை அல்ல, ஆட்கள். முதல் ஆய்வில் முன்பு தாமாக நடந்தவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். இரண்டாவதில் மறதி நோயினர் உட்பட எல்லோரும் இருந்தார்கள். உங்கள் தாயார் முதல் கூட்டத்துக்கு அருகில் இருப்பவர். ஆனால் குழப்பம் நீடித்து, நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் வந்துவிட்டால் இரண்டாவது கூட்டத்தை நோக்கி நகர்ந்துவிடுவார்.

முதியோர்நலம் எழுதியது:

மேலே மருத்துவர் ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். முதியோர் நல மருத்துவம் பயின்றவள் என்ற முறையில், உங்கள் மாமாவின் அச்சத்தையும் அம்மா சம்பந்தமில்லாமல் பேசுவதையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மாமாவின் கருத்துக்கும் இடமுள்ள நோயாளிகள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த, முன்பே மிகவும் தளர்ந்து, பெரும்பாலும் மறதி நோய் முற்றியிருந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடந்து 2022-இல் வெளியானது. குடும்பத்தாரும் மருத்துவர்களும் கலந்து பேசி, ஒரு பகுதியினர் அறுவை வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதல் மாதத்திலேயே இறந்தார்கள். ஆனாலும் எஞ்சிய நாட்களின் தரம் அறுவை செய்தவர்களைவிட மோசமாக இல்லை, குடும்பத்தாரும் நிறைவாகவே உணர்ந்தார்கள். ஆக, அறுவை வேண்டாம் என்பது வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு அன்பான முடிவாக இருக்கக்கூடும். கோயிலுக்குத் தனியாக நடந்து சென்று வந்த ஒருவருக்கு அது பொருந்தாது. அவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்பதன் பொருள், ஒவ்வொரு முறை புரட்டும்போதும் துணி மாற்றும்போதும் முறிந்த எலும்பின் வலியை அவர் அனுபவிக்க வேண்டும் என்பதுதான். இதை மாமாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பிழைப்பதற்கு மட்டுமன்றி வலி தீர்வதற்கும் இதுதான் வழி என்பது பல பெரியவர்களின் மனத்தை மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

சம்பந்தமில்லாமல் பேசுவதைப் பைத்தியம் என்றோ வயதின் இயல்பு என்றோ விட்டுவிடாதீர்கள். இது திடீர் மனக்குழப்பம். இடுப்பு முறிவில் மிகவும் பொதுவானது, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. வலி, மலச்சிக்கல், சிறுநீர் தேங்குதல், சோடியம் குறைதல், நீர் வறட்சி, சர்க்கரை ஏறுவது இறங்குவது, கிருமித் தொற்று ஆகியவற்றில் ஒன்றோ பலவோ பின்னால் இருக்கும். அவருக்கு முன்பு பக்கவாதம் வந்திருப்பதால் பேச்சுக் குழறுகிறதா, கையிலோ முகத்திலோ புதிதாகப் பலவீனம் இருக்கிறதா என்பதையும் இன்றே பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தார் செய்யக்கூடியது இதில் நிறைய உண்டு. மூக்குக்கண்ணாடியையும் காது கருவியையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுங்கள். அவருக்குப் பழக்கமான ஒருவரே உடனிருக்கட்டும். பார்வையாளர் கூட்டம் வேண்டாம். பகலில் வெளிச்சமும் இரவில் இருளும் இருக்க வேண்டும். தூங்கட்டும் என்று தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். அது குழப்பத்தைக் கூட்டும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அறுவை முடிந்து எவ்வளவு விரைவில் எடுக்க முடியுமோ அவ்வளவு விரைவில் எடுக்கச் சொல்லுங்கள். அறுவைக்காக முதல் நாள் இரவிலிருந்தே வெறும் வயிற்றில் வைத்து, பிறகு அறுவையைத் தள்ளிப்போட்டு, மறுநாளும் பட்டினி போடுவது சில இடங்களில் நடக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு இது கொடுமை. தள்ளிப்போனால் உடனே உணவு கொடுக்க வேண்டும் என்பதை உரிமையோடு வலியுறுத்துங்கள்.

அறுவை மருத்துவரோடு ஒரு முதியோர் நல மருத்துவரோ பொது மருத்துவரோ முதல் நாளிலிருந்தே சேர்ந்து கவனித்தால் விளைவு மேம்படுகிறது என்பதற்கு நார்வேயில் டிரான்ஹெய்ம் நகரில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு நல்ல சான்று. நான்கு மாதத்துக்குப் பின் அப்படிக் கவனிக்கப்பட்டவர்களின் நடமாட்டம் மேலாக இருந்தது. இங்கிலாந்தில் 2007-இல் இடுப்பு முறிவுக்கென்று தேசியப் பதிவேடு தொடங்கி, ஒவ்வொரு மருத்துவமனையின் கணக்கையும் வெளிப்படையாக வெளியிட ஆரம்பித்தார்கள். அப்போது 30 நாட்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது 6 அளவில் இருக்கிறது. அந்த முன்னேற்றம் புதிய செயற்கை மூட்டால் வந்ததல்ல. விரைவான அறுவை, முதியோர் நல மருத்துவரின் கவனிப்பு, மறுநாளே எழுப்பி நிற்க வைத்தல் ஆகியவற்றால் வந்தது. முதியோர் நலத்துக்கென நாட்டின் முதல் பட்ட மேற்படிப்பு 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் தொடங்கியது. அத்தகைய தொடக்கம் நம்மிடம் இருந்தும், இடுப்பு முறிவு நோயாளியை எலும்பு வார்டில் மட்டும் வைத்துப் பார்ப்பது இன்னும் மாறாதிருப்பது எனக்கு வருத்தமான செய்தி.

பொருநை எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்ல. என் தந்தைக்கு 82 வயதில் இதே முறிவு ஏற்பட்டு, பாதி மூட்டு மாற்றம் செய்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

பழையபடி நடப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா நடந்தார், வீட்டுக்குள் கைத்தடியோடும், தெருவில் ஒருவர் துணையோடும். முன்பு போலச் சைக்கிள் ஓட்டவோ, கல்யாண வீட்டில் பந்திக்குத் தரையில் உட்காரவோ முடியவில்லை. இதை முன்கூட்டியே யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால், முதல் சில வாரங்களில் அவரும் நாங்களும் பட்ட ஏமாற்றம் குறைந்திருக்கும். ஆகவே உங்கள் அம்மாவிடம் எல்லாம் முன்போலாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வலியில்லாமல் நடப்பீர்கள், உங்கள் வேலையை நீங்களே செய்துகொள்வீர்கள், கோயிலுக்கு ஆட்டோவில் போய் வரலாம் என்று சொல்லுங்கள்.

அவர் மருத்துவமனையில் இருக்கும்போதே வீட்டைத் தயார்செய்து விடுங்கள். இந்திய முறைக் கழிப்பறையில் குந்தி உட்காருவது இனி கூடாது. மேற்கத்திய முறைக் கழிப்பறை இல்லாவிட்டால், நடுவில் துளையுள்ள நாற்காலியை அதன் மேல் போட்டுக்கொள்ளலாம். மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. சுவரில் இரும்புப் பிடி பொருத்தச் சொல்லுங்கள். கயிற்றுக் கட்டிலோ தரைப்படுக்கையோ வேண்டாம். உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு உயர்ந்திருக்கும் அளவு கட்டில் தேவை. எங்கள் வீட்டுக் கட்டில் தாழ்வாக இருந்ததால் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். சம்மணம் போட்டு உட்காருவதையும், கால் மேல் கால் போடுவதையும், கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுப்பதையும் மருத்துவர் அனுமதிக்கும் வரை தவிர்க்க வேண்டும் என்றார்கள். அப்பா பழக்க தோஷத்தில் சம்மணம் போடப் போவார் என்பதால் எங்கள் பாயை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டோம். அம்மா இடறி விழுந்த நிலைப்படிக்கு ஒரு சரிவுப் பலகையும், கழிப்பறை செல்லும் வழியில் இரவு விளக்கும் போடுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்த மருத்துவமனை அத்திட்டத்தில் இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபர் முதல் வழங்கப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

உங்கள் மூவருக்கும் என் குடும்பத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. இவற்றை அப்படியே மாமாவிடம் படித்துக் காட்டினேன். திருகாணியும் கட்டும் ஏன் இந்த இடத்தில் பயன்படாது என்ற விளக்கம் அவருக்குப் புரிந்தது. வலி தீருவதற்கு வேறு வழியில்லை என்றால் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். மயக்க மருத்துவரிடமும் பேசினேன். அவர் எரிச்சல்படாமல் கேட்டுக்கொண்டு, மரத்துப்போகும் ஊசியை உடனே போட்டார். எக்கோ இன்று மாலையே எடுக்கப்படுகிறது. அதில் பெரிய குறை இல்லையென்றால் நாளைக் காலை முழு மயக்கத்தில் அறுவை செய்யலாம் என்று இரு மருத்துவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சோடியம் குறைந்திருந்தது தெரியவந்து அதற்கும் சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள்.

அறுவைக்குப் பின் எப்போது காலை ஊன்ற வைப்பார்கள்? இன்னொரு முறை விழுந்தால் மறு காலும் முறியுமோ என்ற பயமும் இருக்கிறது. வீடு திரும்பிய பிறகு எந்த அறிகுறிகளைக் கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் சொன்னால் நல்லது.

நடைப்பயிற்சி எழுதியது:

நான் இயன்முறை மருத்துவர். சிமென்ட் வைத்துப் பொருத்திய மூட்டு அன்றே முழு எடையையும் தாங்கும். காயாத கட்டடம் போல அதற்கு நாள் கொடுக்க வேண்டியதில்லை. எனவே அறுவைக்கு மறுநாளே கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து, வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வைத்து, முடிந்தால் நான்கைந்து அடி நடக்க வைப்போம். ஞாயிற்றுக்கிழமை இயன்முறை மருத்துவர் வரமாட்டார் என்றால், அந்த ஒரு நாளும் வீணாகாமல் செவிலியர் துணையோடு எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். எழுப்புவதற்கு அரைமணி நேரம் முன்பு வலி மருந்து கொடுத்துவிட்டால் அம்மா ஒத்துழைப்பார். ரத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பதற்காக நடையைத் தள்ளிப்போடுவார்கள். தலைசுற்றலோ நெஞ்சுப் படபடப்போ இல்லாமல் ஹீமோகுளோபின் 8-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ரத்தம் ஏற்றத் தேவையில்லை என்பது 2011-இல் வெளியான ஃபோக்கஸ் ஆய்விலிருந்து கிடைத்த தெளிவு.

முறிவுக்கு முன்பிருந்த நடமாட்டத்தை முழுமையாக மீட்டெடுப்பவர்கள் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலான மீட்சி முதல் ஆறு மாதங்களில் நடந்துவிடும். அதனால்தான் அந்த ஆறு மாதமும் பயிற்சியை விடக்கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பல வீடுகளில், தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைத்து, பாசத்தின் காரணமாகவே அம்மாவை நகரவிடாமல் எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தொடைச் சதை அதற்குள் வற்றிவிடும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முயல்வது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவது, ஒவ்வொரு நாளும் சற்றுத் தூரம் கூட்டி நடப்பது ஆகிய மூன்றும் போதும். வீட்டுக்கே வந்து பயிற்சி தர, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். முட்டை, பருப்பு, பால், மீன் என்று புரதம் நிறைந்த உணவு வேண்டும். கஞ்சியும் ரசஞ்சோறும் மட்டும் கொடுத்து வந்தால் எந்தப் பயிற்சியாலும் சதை ஏறாது.

மூட்டுமருத்துவர்_கோவை எழுதியது:

நாளைக்கே அறுவை என்பது மிகவும் நல்ல செய்தி. மறு கால் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, அதற்கு மருந்து இருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தாலே எலும்பு மெலிவு நோய் உறுதி. அதை நிறுவத் தனியாக ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் அவசியம்கூட இல்லை. இடுப்பு முறிவுக்கு அறுவை செய்த 2,127 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 90 நாட்களுக்குள் தொடங்கி, சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை ஆண்டுக்கு ஒருமுறை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி, 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புதிதாக எலும்பு முறிந்தவர்கள் மருந்து பெற்ற குழுவில் 8.6 விழுக்காடு, பெறாத குழுவில் 13.9 விழுக்காடு. இறந்தவர்கள் 9.6 விழுக்காடும் 13.3 விழுக்காடும். இவ்வளவு எளிய மருந்து இவ்வளவு நன்மை தருவது அரிது, ஆனாலும் வீடு திரும்பும்போது கொடுக்கப்படும் சீட்டில் கால்சியம் மாத்திரை மட்டுமே எழுதப்பட்டிருப்பதை அடிக்கடி காண்கிறேன். அறுவை முடிந்து இரண்டு வாரம் கழித்து இதைத் தொடங்கலாம். அதற்கு முன் வைட்டமின் டி குறைவைச் சரிசெய்ய வேண்டும். சர்க்கரை நோயாளி என்பதால் சிறுநீரகத்தின் திறனையும் பார்க்க வேண்டும். அது மிகக் குறைந்திருந்தால் வேறு மருந்து உண்டு. இதைக் கேட்காமல் மருத்துவமனையை விட்டு வராதீர்கள்.

காலின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையாமலிருக்க, அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஒரு மாதம் வரை ஊசியோ மாத்திரையோ தருவார்கள். குளோபிடோக்ரெலை எப்போது மீண்டும் தொடங்குவது, இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்பதைச் சீட்டில் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும்போது கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ இரவு என்று பாராமல் உடனே கொண்டு செல்லுங்கள். தையல் இடத்தில் பத்து நாளுக்குப் பிறகும் நீர் கசிந்தால், சிவந்து சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால், அருகிலுள்ள மருந்துக் கடையில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைக்காமல் அறுவை செய்த மருத்துவரிடமே காட்டுங்கள். மூட்டுக்குள் கிருமி போயிருந்தால் தொடக்கத்திலேயே திறந்து கழுவினால்தான் மூட்டைக் காப்பாற்ற முடியும். இடையில் கொடுக்கும் மாத்திரை அதை மறைத்துவிடும். திடீரெனக் கால் குட்டையாகி, உள்நோக்கித் திரும்பி, அசைக்க முடியாத வலி வந்தால் மூட்டு நழுவியிருக்கிறது என்று பொருள். இழுத்துப் பார்க்காமல், உருவிவிடாமல், அப்படியே படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.